பிள்ளைக்கான அரசாங்கக் காசு: வருமான எல்லையும் வேலை நிபந்தனையும் – கொழும்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கையில் யாருக்காவது அரசாங்கப் படிவம் ஒன்று வந்தால் அது ஒரு கட்டத்தில் எங்கள் வீட்டு மேசைக்கு வந்துவிடும். நான் அரச உத்தியோகத்தர் இல்லை. ஒரு கம்பனியில் கணக்கு எழுதுகிறேன், சிங்களமும் தமிழும் வாசிப்பேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும் தாய்மார் கேட்கிற கேள்விகள் வருஷக்கணக்காக ஒன்றுபோலவே இருப்பதால் பதில்களை ஓரிடத்தில் எழுதிவைக்கிறேன். தொகைகள் வரவுசெலவுத் திட்டத்தோடு மாறும், அதனால் முடிந்தவரை எந்த ஆண்டின் கணக்கு என்றும் சேர்த்தே சொல்கிறேன்.

இலங்கையில் ஒவ்வொரு பிள்ளைக்கும் மாதம் இவ்வளவு என்று அரசாங்கம் காசு தருகிறதா?

இல்லை. லண்டனில், கனடாவில் இருப்பதுபோல் பிள்ளையின் பெயரில் மாதாமாதம் விழுகிற பொதுக் கொடுப்பனவு இங்கே கிடையாது. ஆனால் அதைக் கேட்டுவிட்டு "அப்ப ஒன்றுமே இல்லை" என்று எழுந்து போகாதீர்கள். இங்கே உதவி துண்டு துண்டாக இருக்கிறது: வயிற்றில் இருக்கும்போது ஒன்று, எடை குறைந்தால் ஒன்று, பள்ளிக்கூடம் போனால் ஒன்று, வீடு வறிய வீடு என்றால் ஒன்று, தாய் வேலைக்குப் போகிறவர் என்றால் இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் அளவுகோல் வேறு. சிலவற்றுக்கு வருமானம் பார்ப்பார்கள், சிலவற்றுக்கு யாரும் கேட்கவே மாட்டார்கள். ஒன்றில் தகுதி இல்லை என்று சொல்லப்பட்ட ஒருவர் மற்ற எல்லாவற்றையும் சேர்த்துக் கைவிட்டுவிடுவதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன், மனம் பொறுக்காத விஷயமும் அதுதான்.

அஸ்வெசுமவுக்கு வருமான எல்லை எவ்வளவு?

அஸ்வெசும என்றால் வறிய குடும்பங்களுக்கு அரசாங்கம் தருகிற மாதக் கொடுப்பனவு. எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். "மாதம் இத்தனை ஆயிரத்துக்குக் கீழே இருந்தால் கிடைக்கும்" என்று ஒழுங்கையில் ஆளுக்கொரு எண் சொல்வார்கள். அப்படி ஓர் எண்ணை வைத்து அஸ்வெசுமவுக்கு ஆள் எடுப்பதில்லை. 2023 ஜூலையில் இந்தத் திட்டம் தொடங்கியபோதே 22 குறிகாட்டிகளை வைத்துத்தான் குடும்பங்களைத் தெரிவு செய்தார்கள். கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டின் நிலை, குடும்பத்தின் அமைப்பு என்று ஆறு பக்கமாக உங்கள் வீட்டைப் பார்த்து, எங்கெங்கே குறை இருக்கிறது என்று புள்ளி போடுகிறார்கள். வருமானம் அதில் ஒரு பகுதிதான். பள்ளிக்கூடம் போகாத பிள்ளை இருக்கிறதா, நீண்டகால நோயாளி இருக்கிறாரா, வீடு எதனால் கட்டியது, வாகனம் இருக்கிறதா, மின்சாரம் எத்தனை அலகு போகிறது, எல்லாம் கணக்கில் வரும்.

நகரத்தில் இது சில வேளை பிழையான படத்தைக் காட்டும். எனக்குத் தெரிந்த ஒரு தோட்டத்தில் (கொழும்பில் தோட்டம் என்றால் தேயிலை இல்லை, நெருக்கமாகக் கட்டிய வரிசை வீடுகள்) மூன்று குடும்பங்களுக்கு ஒரே மீட்டர். பில் வருவது முன்வீட்டு அக்காவின் பெயரில். அவருடைய ஒற்றை அறையில் இரண்டு பல்பு, ஒரு ஃபேன், பழைய டிவி ஒன்று. மற்ற இரண்டு வீட்டுக்காரர் அவருடைய மீட்டரிலிருந்து வயர் இழுத்திருந்தார்கள், மாத முடிவில் ஆளுக்குக் கொஞ்சம் காசு கொடுப்பார்கள். கணக்கெடுக்க வந்தவர் லைட் பில்லை வாங்கிப் பார்த்து அலகுகளை எழுதிக்கொண்டு போய்விட்டார். மூன்று வீட்டு மின்சாரம் ஒரு வீட்டின் தலையில் விழுந்தது. இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு கணவர் இல்லாமல் இருக்கிற அந்த அக்காவின் பெயர் முதல் பட்டியலில் வரவில்லை. அப்புறம் மேன்முறையீட்டில் மற்ற இரண்டு குடும்பத்தாரின் கையெழுத்தோடு ஒரு கடிதம் வைத்தோம், மீட்டரிலிருந்து பிரிந்து போகிற மூன்று வயரையும் ஃபோனில் படம் எடுத்துச் சேர்த்தோம்.

அதனால் கணக்கெடுப்பவர் வரும்போது அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்: இந்த மீட்டரில் எத்தனை குடும்பம், இந்த வீடு சொந்தமா வாடகையா, வாசலில் நிற்கிற த்ரீவீல் யாருடையது, லீசிங்கில் இருக்கிறதா, வாடகைக்கு ஓட்டுவதா. சொல்லாதது படிவத்தில் ஏறாது.

கிடைத்தால் எவ்வளவு வரும்?

தொடங்கியபோது வறிய குடும்பத்துக்கு 8,500 ரூபா, மிக வறிய குடும்பத்துக்கு 15,000 ரூபா என்று இருந்தது. 2025இல் அவற்றை 10,000, 17,500 என்று உயர்த்தினார்கள். திட்டம் தொடங்கியபோது இவற்றைத் தவிர இன்னும் இரண்டு வகை இருந்தன, அவற்றுக்குத் தொகையும் குறைவு, காலமும் குறைவு. இது குடும்பத்துக்கான காசு, பிள்ளைத் தலைக்கு இவ்வளவு என்று பிரிப்பதில்லை. பிள்ளை பிறந்தவுடன் தானாகக் கூடும் என்றும் எதிர்பார்க்க வேண்டாம், ஆனால் குடும்பத்தில் ஆள் கூடினால் அதைக் கிராம உத்தியோகத்தரிடம் போய்ப் பதிய வேண்டியது உங்கள் பொறுப்பு.

2025 ஏப்ரலில் தனியார் துறையின் ஆகக் குறைந்த மாதச் சம்பளம் 27,000 ரூபா ஆக்கப்பட்டது, 2026 ஜனவரியிலிருந்து 30,000. அதோடு வைத்துப் பார்த்தால் அஸ்வெசுமவில் ஒரு வீடு முழுவதும் ஓடாது என்பது தெரியும். மாவட்டங்களில் வறுமைக் கோடு ஆக உயரத்தில் இருப்பது கொழும்பில்தான், காரணம் இங்கே விலைவாசி அப்படி. கொடுப்பனவோ நாடு முழுவதும் ஒரே தொகை. இது மாற வேண்டும் என்பது என் எண்ணம்.

நான் வேலைக்குப் போனால் வெட்டிவிடுவார்களா? இல்லை, வேலைக்குப் போனால்தான் தருவார்களா?

இரண்டும் இல்லை. அமெரிக்காவில் சில உதவிகளுக்கு "இத்தனை மணித்தியாலம் வேலை செய்திருக்க வேண்டும்" என்று நிபந்தனை போடுவார்கள். அஸ்வெசுமவில் அப்படி வேலை நிபந்தனை கிடையாது. வேலை செய்கிற ஒரே காரணத்துக்காக ஒருவரைத் தூக்குவதும் இல்லை. வீட்டு வேலைக்குப் போகிறவர்கள், புறக்கோட்டையில் மூட்டை தூக்குகிறவர்கள், இடியப்பம் சுற்றி விற்கிறவர்கள் என்று வேலை செய்துகொண்டே அஸ்வெசும எடுக்கிறவர்கள் ஏராளம். வறிய, மிக வறிய குடும்பங்களுக்கு மூன்று வருஷம் என்றுதான் திட்டத்தைத் தொடங்கினார்கள், அதற்குள் குடும்பத்தைத் தூக்கி நிறுத்துவதுதான் நோக்கம்.

ஆனால் ஒன்று. வேலையை மறைக்காதீர்கள். கடையில் சம்பளம் வங்கி வழியாக வருகிறது, ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) வெட்டுகிறார்கள் என்றால் அது பதிவில் இருக்கிறது. பிழையான தகவல் கொடுத்ததாகத் தெரியவந்தால் நிறுத்துவார்கள், பிறகு உண்மையிலேயே தேவை வரும்போதும் உங்கள் சொல்லை நம்ப மாட்டார்கள்.

நிரந்தர வேலைக்கும் கிடைத்த நாளில் செய்கிற வேலைக்கும் உள்ள வித்தியாசத்தையும் தெளிவாகச் சொல்லுங்கள். கிழமைக்கு மூன்று நாள் வேலை இருக்கும், அடுத்த கிழமை ஒன்றுமே இருக்காது என்றால் அப்படியே சொல்ல வேண்டும். "மாதம் எவ்வளவு உழைப்பீர்கள்" என்று கேட்டவுடன் நல்ல மாதத்தின் கணக்கை மானத்துக்காகச் சொல்லுகிறவர்கள் நிறையப் பேர். அங்கே மானம் பார்க்க வேண்டாம்.

பெயர் வரவில்லை. இனி என்ன செய்வது?

மேன்முறையீடு செய்யுங்கள். அதற்கென்று காலக்கெடு அறிவிப்பார்கள், கிராம உத்தியோகத்தர் அலுவலகத்திலும் பிரதேச செயலகத்திலும் ஒட்டியிருப்பார்கள். கொழும்பு மாநகரத்துக்குள் இருக்கிறவர்கள் பெரும்பாலும் கொழும்பு பிரதேச செயலகம் அல்லது திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகத்துக்குள் வருவீர்கள். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் திம்பிரிகஸ்யாய, கொட்டாஞ்சேனை, முகத்துவாரம், மட்டக்குளிப் பக்கம் கொழும்பு.

அஸ்வெசுமவை நடத்துகிற நலன்புரி நன்மைகள் சபையின் தொலைபேசி எண் 1924. விண்ணப்பம் போட்டபோது தந்த கியூ.ஆர். குறியீட்டுத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு எடுங்கள், அந்த எண் இல்லாமல் எடுத்தால் திரும்ப எடுக்கச் சொல்வார்கள். அந்தத் தாளை ஃபோனில் ஒரு படம் எடுத்து வையுங்கள், மழைக்காலத்தில் எங்கள் பக்கத்து வீடுகளுக்குள் தண்ணீர் வந்தால் முதலில் நனைவது அலுமாரியின் கீழ்த்தட்டில் இருக்கிற கடதாசிகள்தான்.

வாடகை வீடு மாறிக்கொண்டே இருக்கிறவர்களுக்கு இன்னொரு சிக்கல். பதிவு யாழ்ப்பாணத்திலோ ஹட்டனிலோ இருக்கும், ஆள் இங்கே இருப்பார். இங்கே விண்ணப்பிக்க வேண்டுமென்றால் இப்போது குடியிருக்கிற கிராம உத்தியோகத்தர் பிரிவில் முதலில் பதிவு வேண்டும். வீட்டுக்காரர் வாக்காளர் பதிவுக்குச் சம்மதிக்க மாட்டேன் என்கிறார் என்று பலர் சொல்கிறார்கள். அதைக் கிராம உத்தியோகத்தரிடமே நேராகச் சொல்லுங்கள், அவர் வந்து பார்த்து உறுதிப்படுத்தலாம்.

கர்ப்பிணித் தாய்க்கு ஏதாவது உண்டா? கணவருக்கு நல்ல சம்பளம் என்றால் கிடைக்காதா?

கர்ப்பிணித் தாய்மாருக்கான போஷாக்குக் கொடுப்பனவு உண்டு. 2015இல் மாதம் 2,000 ரூபா வீதம் பத்து மாதத்துக்கு 20,000 ரூபா என்று தொடங்கினார்கள், 2024இல் மாதம் 4,500 ரூபா வீதம் 45,000 ரூபாவாக இருந்தது. இதைக் காசாக எண்ணித் தர மாட்டார்கள், சத்தான உணவுப்பொருள் வாங்குவதற்காகத் தருவது.

இதற்கு வாசல் கிளினிக். பிரதேசத்துக் குடும்பநல உத்தியோகத்தரிடம், அதுதான் நாங்கள் மிட்வைஃப் மிஸ் என்கிறவரிடம், கர்ப்பத்தைப் பதிய வேண்டும். தனியார் வைத்தியசாலையில் மட்டும் காட்டிக்கொண்டு மிஸ்ஸிடம் பதியாமலே இருந்துவிடுகிறவர்கள் வெள்ளவத்தைப் பக்கம் நிறைய. தனியாரிடம் காட்டுங்கள், அதில் பிழையில்லை, ஆனால் முதல் மூன்று மாதத்துக்குள் மிஸ்ஸிடமும் பதிந்துவிடுங்கள். கணவரின் சம்பளத்தை நினைத்துக்கொண்டு போகாமல் இருக்க வேண்டாம். கொழும்பு மாநகரசபைக்குச் சொந்தமாகப் பொதுச் சுகாதாரத் திணைக்களமும் கிளினிக்குகளும் உண்டு, உங்கள் வீதி எந்தக் கிளினிக்குக்குரியது என்று கேட்டால் சொல்வார்கள்.

திரிபோஷ ஏழைப் பிள்ளைகளுக்குத்தானே?

இல்லவே இல்லை. திரிபோஷவுக்கு வருமானமும் பார்ப்பதில்லை, வேலையும் பார்ப்பதில்லை. தராசு மட்டும்தான் பார்க்கும். 1973இலிருந்து கொடுத்துவருகிற சோளமும் சோயாவும் சேர்ந்த மா அது, ஜா-எல பக்கத்தில் செய்கிறார்கள். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயதுக்குள் எடை குறைந்த பிள்ளைகள், இவர்களுக்கு இலவசம்.

பிள்ளை பிறந்தவுடன் தருகிற அந்தச் சுகாதாரப் புத்தகம், ஆண்பிள்ளைக்கு நீலம், பெண்பிள்ளைக்கு ரோஸ், அதற்குள் எடைக்கோடு இருக்கும். மாதாமாதம் மிஸ் ஒரு புள்ளி வைப்பார். புள்ளிகள் பச்சைப் பகுதியிலிருந்து கீழே சரிந்தால் பிள்ளை திரிபோஷவுக்குத் தகுதி. மாடி வீட்டுப் பிள்ளை என்றாலும் தகுதிதான். "நாங்கள் திரிபோஷ வாங்கினால் சனம் என்ன சொல்லும்" என்று ஒரு தாய் என்னிடம் கேட்டார், பிள்ளைக்கு ஒன்றரை வயது, கோடு மூன்று மாதமாகக் கீழே போய்க்கொண்டிருந்தது. சனம் சொல்லுகிறது இருக்கட்டும், போய் வாங்குங்கள் என்றேன். வாங்கினார், இரண்டாம் மாதம் கோடு திரும்பியது.

நான் வேலை செய்கிற தாய். பிரசவத்துக்கு எத்தனை நாள் சம்பளத்தோடு விடுமுறை?

இதுதான் இங்கே உண்மையான வேலை நிபந்தனை உள்ள இடம். கடைகளிலும் அலுவலகங்களிலும் வேலை செய்கிறவர்களுக்கு 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம். தொழிற்சாலை போன்ற மற்ற இடங்களுக்கு 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம். முன்பெல்லாம் மூன்றாம் பிள்ளைக்கு விடுமுறை பாதியாகக் குறையும், 2018இல் இரண்டு சட்டத்தையும் திருத்தி எத்தனையாவது பிள்ளையாக இருந்தாலும் 84 நாள் என்று ஆக்கிவிட்டார்கள். மூன்றாம் பிள்ளைக்கு 42 நாள்தான் என்று இன்றைக்கும் சொல்லுகிற முதலாளிமார் இருக்கிறார்கள், நம்பாதீர்கள்.

1939ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வருகிறவர்கள், பிரசவத்துக்கு முந்திய ஒரு வருஷத்துக்குள் அந்த முதலாளியிடம் 150 நாளாவது வேலை செய்திருக்க வேண்டும். அதனால் சம்பளச் சீட்டு, வரவுப் பதிவு எதையும் எறிய வேண்டாம். பிள்ளைக்கு ஒரு வயதாகும் வரை பாலூட்டுவதற்கு ஒரு நாளில் இரண்டு இடைவேளையும் இந்தச் சட்டத்தில் உண்டு: பிள்ளையைப் பார்க்க இடம் வைத்திருக்கிற வேலைத்தலம் என்றால் ஒவ்வொன்றும் அரை மணித்தியாலம், இல்லையென்றால் ஒவ்வொன்றும் ஒரு மணித்தியாலம். கர்ப்பம் என்ற காரணத்துக்காக வேலையிலிருந்து நிறுத்த முடியாது. நிறுத்தினால் நாரஹேன்பிட்டியிலுள்ள தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு கொடுக்கலாம்.

அரச ஊழியர்களுக்கு 84 நாள் முழுச் சம்பளம், பிறகு விரும்பினால் 84 நாள் அரைச் சம்பளம், அதற்கும் பிறகு 84 நாள் சம்பளமில்லாமல்.

நான் வீடுகளில் வேலை செய்கிறேன். எனக்கும் 84 நாள் உண்டா?

சட்டப்படி இல்லை. தனியார் வீட்டு வேலை இந்த இரண்டு சட்டத்துக்கும் வெளியே நிற்கிறது. மலையகத்திலிருந்து பதினேழு பதினெட்டு வயதில் கொழும்புக்கு வந்து இருபது வருஷமாக இன்னொருவர் வீட்டுப் பிள்ளைகளைத் தூக்கி வளர்த்த பெண்களுக்கு, சொந்தப் பிள்ளை பிறக்கும்போது சம்பளத்தோடு ஒரு நாள்கூடக் கிடையாது. இதை எழுதும்போதே கோபம் வருகிறது. ஆனால் கிளினிக் பதிவு, போஷாக்குக் கொடுப்பனவு, திரிபோஷ இவற்றுக்கெல்லாம் வேலைச் சட்டம் தேவையில்லை, அவை உங்களுக்கும் உரியவை.

பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு?

அரச பாடசாலை என்றால் பாடநூலும் சீருடைத் துணியும் எல்லோருக்கும் இலவசம், வருமானம் கேட்பதில்லை. 2024 மார்ச்சிலிருந்து ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்கான பாடசாலை உணவையும் நாடு முழுவதும் விரிவாக்கினார்கள்.

2025இல் பயிற்சிக் கொப்பி முதலியவை வாங்குவதற்கு 6,000 ரூபா கொடுத்தார்கள். அதை அஸ்வெசும எடுக்கும் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு என்று தொடங்கி, 300 பிள்ளைகளுக்குக் குறைவான பாடசாலைகளின் பிள்ளைகளுக்கும் நீட்டினார்கள். கொழும்பில் பெரிய பாடசாலைகள்தான் அதிகம், அதனால் இங்கே அஸ்வெசும இல்லாத வறிய பிள்ளைக்கு இது கிடைக்காமல் போக வாய்ப்பு அதிகம். அஸ்வெசும மேன்முறையீட்டை விடாதீர்கள் என்று நான் தலையால் அடித்துக்கொள்வது இதனால்தான், அந்த ஒரு பட்டியலைப் பிடித்துக்கொண்டு வேறு உதவிகளும் வருகின்றன.

ஐந்தாம் ஆண்டு புலமைப்பரிசிலில் சித்தியடைந்தால் எல்லோருக்கும் காசு வருமா?

வராது. வெட்டுப்புள்ளிக்கு மேல் எடுப்பது ஒன்று, மாதக் காசு கிடைப்பது வேறு. காசுக்குப் பெற்றோரின் ஆண்டு வருமானம் குறிப்பிட்ட எல்லைக்குள் இருக்க வேண்டும், கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலோடு பாடசாலை வழியாக விண்ணப்பிக்க வேண்டும். 2025 வரவுசெலவுத் திட்டத்தில் இதை மாதம் 750 ரூபாவிலிருந்து 1,500 ரூபா ஆக்கினார்கள். பிள்ளை நல்ல புள்ளி எடுத்த சந்தோஷத்தில் படிவத்தை மறந்துவிடுகிறார்கள், வகுப்பாசிரியரிடம் நீங்களே போய்க் கேளுங்கள்.

பிள்ளை மாற்றுத்திறனாளி என்றால்?

தனியாக மாதக் கொடுப்பனவு உண்டு, 7,500 ரூபாவாக இருந்ததை 2025இல் 10,000 ஆக்கினார்கள். பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைச் சந்தியுங்கள். வைத்தியச் சான்றிதழை அவர் தருகிற படிவத்திலேயே எடுப்பது நல்லது, இல்லாவிட்டால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இரண்டு தடவை அலைய வேண்டும்.

சம்பளத்தில் வரி வெட்டுகிறார்கள். பிள்ளைகளைக் காட்டிக் குறைக்கலாமா?

முடியாது. 2025 ஏப்ரலிலிருந்து ஆண்டுக்கு 18 லட்சம் ரூபா வரை, அதாவது மாதம் ஒன்றரை லட்சம் வரை, வரி இல்லை. அது ஆளுக்கான கழிவு. மூன்று பிள்ளை வளர்க்கிறவருக்கும் தனியாளுக்கும் ஒரே கணக்கு.

கணவர் டொரன்டோவில், நானும் பிள்ளைகளும் இங்கே. கனடாக்காரர் பிள்ளைக்காசு தருவார்களாமே?

கனடாவில் பிள்ளைக் கொடுப்பனவு பெரிய காசுதான். 2025 ஜூலை தொடங்கிய ஆண்டுக்கு ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஆகக் கூடியது 7,997 டொலர், ஆறிலிருந்து 17 வயது வரை 6,748. குடும்ப வருமானம் 37,487 டொலரைத் தாண்டினால் குறையத் தொடங்கும். வேலை செய்ய வேண்டும் என்ற நிபந்தனை இல்லை, ஆனால் ஒவ்வோர் ஆண்டும் வரிப் படிவம் போட வேண்டும், வருமானமே இல்லாவிட்டாலும். முக்கியமானது இது: பிள்ளை அங்கே அவரோடு இருக்க வேண்டும். பிள்ளைகள் கொட்டாஞ்சேனையில் இருக்கும்வரை கிடைக்காது. "எடுத்துத் தருகிறேன்" என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

பிரித்தானியாவிலும் அப்படித்தான், பிள்ளை அங்கே இருக்க வேண்டும். 2025–26இல் மூத்த பிள்ளைக்குக் கிழமைக்கு 26.05 பவுண், மற்றப் பிள்ளைகளுக்கு 17.25. பெற்றோரில் ஒருவரின் வருமானம் 60,000 பவுணைத் தாண்டினால் திருப்பிக் கட்ட வேண்டிவரும், 80,000இல் முழுவதும் போய்விடும். மாணவர் விசாவிலோ வேலை விசாவிலோ போகிறவர்கள், விசாவில் பொது நிதியைப் பெறக்கூடாது என்று எழுதியிருக்கிறதா என்று பார்க்கவும். எழுதியிருந்தால் கேட்காதீர்கள், விசாவுக்கே சிக்கல்.

அமெரிக்காவில் இது வரிக் கழிவாக வருகிறது, 2025இல் பிள்ளைக்கு 2,200 டொலர் வரை. தனியாளுக்கு 200,000 டொலருக்கு மேலும் தம்பதிக்கு 400,000க்கு மேலும் குறையும். அங்கேதான் வேலை உள்ளே வருகிறது: கட்ட வேண்டிய வரி இல்லாதவர் அதில் 1,700 டொலர் வரை கையில் பெறலாம், ஆனால் உழைத்த வருமானம் 2,500 டொலரைத் தாண்டியிருக்க வேண்டும். உழைப்பே இல்லாத குடும்பத்துக்கு அது வராது. ஆக வறிய பிள்ளைக்கு ஆகக் குறைவாகக் கிடைக்கிற முறை அது.

படிவம் சிங்களத்தில்தான் இருக்கிறது என்கிறார்கள். என்ன செய்ய?

தமிழில் கேளுங்கள். தமிழும் அரச கரும மொழி, அரச அலுவலகத்தில் தமிழில் படிவமும் பதிலும் கேட்பது உங்கள் உரிமை. கொழும்பில் பெரும்பாலான படிவங்கள் தமிழில் இருக்கின்றன, மேசைக்கு மேலே எடுத்து வைக்கப்பட்டிருக்காது, அவ்வளவுதான். உடனே இல்லை என்றால் "எப்போது வரலாம்" என்று கேட்டு நாளைக் குறித்துக்கொண்டு வாருங்கள்.

வாசிக்கத் தெரியாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். கிழமைக்கு மூன்று நாள் துப்புரவு வேலைக்குப் போகிற ஒருவர், யாரோ நிரப்பிக் கொடுத்த தாளில் அப்படியே கையெழுத்துப் போட்டிருந்தார். பிரதியை என்னிடம் கொண்டுவந்தபோது பார்த்தால் தொழில் என்ற இடத்தில் நிரந்தரத் தொழில் என்ற கட்டத்தில் சரி போட்டிருந்தது. அதைத் திருத்த ஏழு மாதம் எடுத்தது. இப்போது அவர் எந்தத் தாள் வந்தாலும் முதலில் அந்தக் கட்டம் எங்கே என்று விரலை வைத்துக் காட்டச் சொல்கிறார்.